பன்னிரண்டால் பிரித்தல்

எண்ணூற்றைம்பது ரூபாய் கூட.
கிராம அலுவலர் ஒப்பமிட்ட வருமானக் கடிதத்தில்
தவமலருக்கு எங்கள் எல்லையைவிட
எண்ணூற்றைம்பது ரூபாய் கூட.

நாவாந்துறையில் நண்டு உடைக்கிறா.
விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கீறல்.
கையெழுத்து வடிவாய்ப் போடுவா,
பேனை பிடிக்கத்தான் நோகுது.

அழைப்பாணை ஒரு பொலித்தீன் பைக்குள்.
மடித்து மடித்து, மடிப்புகளில் எழுத்துத் தேய்ந்து போச்சு.
பிரிவினை வழக்கு.
புருசனின் தமையன், இப்ப ஸ்காபரோவில்,
அற்றோணித் தத்துவக்காரன் மூலம்
இரண்டு பரப்புக் காணியும் கிணற்றில் பாதியும் கேட்கிறார்.
அவருக்குச் சட்டத்தரணிகள் இரண்டு பேர்.

உறுதி எங்கேயென்று கேட்டேன்.
"தொண்ணூற்றைஞ்சிலை, நாவற்குழிப் பாலத்திலை,
பெட்டியை விட்டிட்டுப் பிள்ளையைத் தூக்கினனான்."
படிவத்தில் அதற்கு ஒன்றரை அங்குலம் இடம்.
'இடப்பெயர்வில் தவறியது' என்று எழுதினேன்.

கொழும்புச் சுற்றறிக்கை பலகையில் குத்தியிருக்கிறது:
இவ்வாண்டுக்கான ஒதுக்கீடு முடிவடைந்துள்ளது.
முத்திரை, நில அளவையாளர், போக்குவரத்து
மூன்றுக்கும் குறுக்கே ஒரே கோடு.
பிரதி எடுக்கிற மெசினுக்கு மை இல்லை.
எதிர்க் கடையில் பக்கம் இருபது ரூபாய்,
அது என் சட்டைப்பையிலிருந்து போகுது.
பெருமைக்குச் சொல்லவில்லை,
மாதக் கடைசியில் மனிசி கணக்குக் கேட்கிறா.

"எந்த மாதச் சம்பளம் அம்மா இது?"
"புரட்டாதி. கடல் நல்லா இருந்தது."
"போன கார்த்திகை?"
"கடலுக்குப் போனால்தானே தம்பி நண்டு."
"மார்கழி?"
சிரித்தா.

கணிப்பானைத் தள்ளிவைத்துவிட்டுத்
தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாய் எழுதினேன்,
மூன்று பூச்சியங்களையும் விடாமல்.
கூட்டிப் பன்னிரண்டால் பிரித்தேன்.
எல்லைக்குள் விழுந்தா.
ஒருத்தியை ஏழையென்று நிறுவியதில்
எனக்கு வந்த சந்தோசத்தை
எந்தக் கோப்பில் போடுவது?

வியாழக்கிழமை, மாவட்ட நீதிமன்றம்.
வழக்கிலக்கம் கூப்பிட்டார்கள்.
வழக்காளிக்காக இருவர் எழுந்தார்கள்.
பிறகு எங்கள் ஆதிரை.
தவணைக்கு நாங்கள் கொடுப்பது,
அதுவும் ஆவணியிலிருந்து கொடுக்காமலிருப்பது,
கரவெட்டியிலிருந்து அவளின் ஸ்கூட்டிப் பெற்றோலுக்கே காணாது.
எழுந்து சொன்னாள்:
"முதலாம் எதிராளிக்காக முன்னிலையாகின்றேன்."

மூன்று சொல்.
தீப்பெட்டியிலும் சீனியிலும்
தவமலரும் கட்டிய வரிக்காசில்
வாங்க வேண்டியிருந்தது இவ்வளவுதான்.
இம்முறை அதையும் கடனுக்குத்தான் வாங்கினோம்.

நீதிபதி தலை நிமிர்ந்து
ஆரென்று பார்த்தார், குறித்துக்கொண்டார்.
தவணை பெப்ரவரிக்குப் போனது.

வாசலில் தவமலர் கேட்டா:
"பெப்ரவரிக்கும் உங்களுக்குக் காசு வருமே தம்பி?"
அது அடுத்த வருசத்து ஒதுக்கீடு.
அலுவலகத்துப் பதில் ஒன்று
வாய்வரைக்கும் வந்தது.
அதற்குள் பஸ் வந்திட்டுது.
நண்டு மணக்கிற கையால் கம்பியைப் பிடித்து ஏறி,
உள்ளே நின்றபடி
இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தா.