கைநாட்டு

முதல் தடவை மூன்று முறை மை ஒற்றினார்கள்.
பாறையில் பாசி கிள்ளிக் கிள்ளி
ரேகை தேய்ந்த கட்டைவிரல்
தாளில் வெறும் நீலத் திட்டாகத்தான் விழுந்தது.
"போதும், இதுவே செல்லும்" என்றார்
ராமநாதபுரத்து ஆபீசர்.
பிள்ளையிடம், "அம்மா கையை விடு பாப்பா" என்றார்.
அவள் விடவில்லை.
ஒவ்வொரு விரலாகப் பிரித்தது நான்தான்.

சின்னப்பாலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம்
ஹாஸ்டலில் படிக்கிறாள் என்றேன்.
நாலு வயசுக்கு என்ன ஹாஸ்டல் என்று
பாசி யாவாரி பெண்டாட்டி மட்டும் கேட்டாள்.
அவளிடமும் சொல்லாதது:
குருசடைப் பக்கம் நான் முங்கிக் கிடந்த காலையில்
மணலில் உட்காரவைத்த பிள்ளை
என் தலை தெரிந்த திசைக்கு நடந்து வந்திருக்கிறாள்,
கழுத்தளவு.
நண்டுவலை எடுக்க வந்த நிஸ்தார்
பாவாடையைப் பிடித்து வள்ளத்தில் தூக்கிப் போட்டான்.
அவள் அப்பன் அன்றைக்கு எந்த ஊரில் கிடந்தானோ,
கச்சான் காற்றுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷம்.
மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்கள்.
பஸ்ஸுக்குக் காசில்லாமல் போன ஞாயிறுகளை
எண்ணி வைத்திருக்கிறேன்: பதினொன்று.

இரண்டாம் தடவை மெஷின்.
விரலை வைத்தால் சிவப்பு எரிகிறது.
துடைத்து வை, எச்சில் தொட்டு வை, இடது கை வை.
"நீங்கதான் தாயார்னு இது ஒத்துக்கிட மாட்டேங்குதே"
என்று சிரித்தாள் அந்தப் பெண், கேலியில்லாமல்.
கடைசியில் கண்ணைக் காட்டச் சொன்னாள்.
உப்பேறிச் சிவந்த கண்.
பச்சை எரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கொடுத்தேன்.
பாம்பன் பாலத்தில் எல்லோரும் கடலை எட்டிப் பார்க்க
ஷெரினா என்னைப் பார்த்துக் கேட்டாள்,
"தண்ணி குடிச்சுக்கலாமா?"

வீட்டிலும் அப்படித்தான்.
பாத்ரூம் போகட்டுமா, நீங்க சாப்பிட்டீங்களா.
தட்டுகளைக் கழுவி, எண்ணி, கவிழ்த்து வைப்பாள்.
இருப்பதே மூன்று தட்டு.
ஒன்பது மணிக்கு எழுந்து விளக்கை அணைப்பாள்.
நான் இருட்டில் சோறு தின்னப் பழகினேன்.

இருபது நாள் கடலுக்குப் போகவில்லை.
மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலையாம்.
இருக்கட்டும்.

நேற்று வாசலில் உட்கார்த்தி ஈர் வாரினேன்.
ஒரே சிக்கு.
வெடுக்கென்று இழுத்துவிட்டேன் போல.
"விடு, வலிக்குது" என்றாள்.

விடுங்க இல்லை.

சீப்பு கீழே விழுந்தது.
சடையை நான் விடவில்லை.