பச்சை எழுத்து

சித்திரைக் கடைசியில் அந்துவான் வந்தான்.
பனி உருகி, மலை ஓட்டல் கதவடைக்கும் மாதமாம்.
தைலம், சாக்லெட், பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி,
அப்புறம் சாக்கில் சுற்றி
ஆளுயரத்துக்கு இரண்டு கட்டை.
காரைக்கால் பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் கேட்டானாம் கண்டக்டர்.

ஓட்டலில் கழித்துப் போட்டது, என்றான்.
நுனி வளைந்து, அடி வழவழத்து,
மேலே பச்சை எழுத்தில் என்னவோ பேர்.
காலை இதில் பூட்டி நின்றால் போதும்,
மலை நம்மை இறக்கிவிடும்.

மலைக்கு எங்கே போக?
ஜாம்புவானோடைக்கு உயரமென்று இருப்பது
கோரையாற்றுப் பாலம்.

சேறு கிடக்கே, என்றார் வைரக்கண்ணு.

விடியலில் வள்ளம் விட்டோம்.
காட்டிலாகா கம்பு நட்ட கால்வாய்
சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு.
மூன்றாம் கம்பில் இடது பக்கம் திரும்பினோம்.
அந்துவான் சிரித்தான்.
அங்கேயும் இதே கதை.
கொடி நட்ட தடத்தில் கூட்டம் மொய்க்கும்.
கொடிக்கு வெளியே
ஒருத்தரும் மிதிக்காத வெள்ளை.

ராத்திரிக் கச்சான் நீரைத் துரத்தியிருந்தது.
அலையாத்தி வேர்களுக்கு அப்பால்
வெறும் சேறு, கண் எட்டுமட்டும்.

என் பலகை மூன்று முழம்.
ஒரு முட்டி அதன்மேல், அடியில் மடித்த பழைய லுங்கி.
மறுகால் உதைக்க வேண்டியதுதான்.
முன்னால் நண்டுக்கூடை.
அவனோ நின்றுதான் போவேன் என்றான்.
நின்றான்.
சரிவில்லாத ஊர் இது.
காவிரியே இங்கே வந்தால்
இறங்க மறந்து படுத்துக்கிடக்கும்.
உன்னை மட்டும் எவன் இறக்குவான்?

இரண்டு முழம் வழுக்கினான்.
நாரை ஒன்று நடையை நிறுத்திப் பார்த்தது.
வைரக்கண்ணு சிரித்துச் சிரித்து
வெற்றிலையைத் துப்பிவிட்டார்.

ஒவ்வொருத்தராகத்தான் கடக்கணும், என்றான் திடீரென்று.
ஒருத்தர் போகையில் மற்றவர் கண்ணெடுக்கக் கூடாது.
நாங்கள் கூட்டமாய்க் கதை பேசிக்கொண்டே போகிறவர்கள்.
ஏன் என்று கேட்டேன்.

பாத்திரம் கழுவும் பையன் ஒருத்தன், என்றான்.
பனி முதலில் 'பொத்'தென்று சொல்லும்.
சொல்லிவிட்டு, மெத்தை விரிப்பை உருவுகிற மாதிரி
மொத்த மலைப் பக்கமும்...
மண்வெட்டியால் தோண்டினோம்.
தொப்பிதான் முதலில் வந்தது.

சேற்றைப் பார்த்தபடி சொன்னான்.
நான் நண்டு வளையைப் பார்த்தேன்.

பிறகு சேற்றுப் பாடம் கேட்டான்.
உப்புப் பூத்து வெடித்திருந்தால் தாங்கும்.
உளுவை துள்ளினால் பாதி நம்பலாம்.
மினுமினுத்தால் போகாதே.
தலையாட்டினான். ஆட்டியவன்
மினுமினுப்பின்மேலேயே போனான்.
அழகாய் இருந்தது என்றான், அப்புறம்.

குமிழி ஒன்று வெடித்தது.
வலக்கால் தொடைமட்டும் காணோம்.
காற்று திரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்;
வேர்களுக்குள் நீர் முணுமுணுத்தது.

படு, என்று கத்தினேன்.
படுத்தான், இடக்கால் கட்டையைக் கழற்றி
நெஞ்சுக்கு அடியில் கொடுத்து.
பலகையில் ஊர்ந்து போனேன்.
வைரக்கண்ணு தோள்வரை கைவிட்டுத் துழாவினார்,
பிரெஞ்சுக்காரன் பூட்டு எங்கே என்று தெரியாமல்
அவன் பாட்டியை எல்லாம் திட்டிக்கொண்டு.
கடைசியில் கால் வந்தது, சப்பாத்து இல்லாமல்.
கட்டை மட்டும் செங்குத்தாய்த் திரும்பி
பாதி சேற்றில், பாதி வானத்தில்.
விடு, என்றேன்.
நீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு நண்டு நாலே நாலு.

தை பிறந்து ஒருநாள் போன் பண்ணினான்.
நிக்குதா?
நிக்குது. நீர்க்காகம் உட்காருது.
பச்சை எழுத்தில் முதல் எழுத்து முங்கினால்
கூடையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கரையேறுகிறோம்.
உன் பேரைச் சொல்லித்தான்.

சிரித்தான். அங்கே எப்படி, என்றேன்.
இங்கே தினமும் எண் போடுவார்கள். இன்றைக்கு மூன்று.
மூன்று என்றால்?
நீயாக இருந்தால் போகமாட்டாய்.

அப்புறம் ஏதும் பேசவில்லை.
காதுக்குள் கொஞ்ச நேரம்
அவன் நடக்க நடக்க
நறநறவென்று நொறுங்கியது எதுவோ.