இதன் கீழ் விவரித்த சொத்து

நல்ல நினைவுடனும் பூரண சுயபுத்தியுடனும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றி
என்று தொடங்குவதை
முப்பத்தெட்டு வருடமாக அடித்துக்கொடுக்கிறேன்,
தம்புச்செட்டித் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில்,
முதலில் ரெமிங்டன், பிறகு கம்ப்யூட்டர்.
ஆக்ஸிஜன் குழாயோடு வந்தவருக்கு ஒரு தடவை.
அவர் பின்னால் நின்ற மூன்று தூண்டுதல்களும்
எனக்கு டீ வாங்கிக் கொடுத்தன.

என்னுடையது மட்டும்
நாலு ஞாயிறாகப் பெயர், வயதைத் தாண்டவில்லை.

தம்பி பிலவேந்திரனுக்கு ஐம்பத்திரண்டு.
சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம்.
போகிற ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று
சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்.
டாக்டர் சர்ட்டிபிகேட்டில் எழுபத்தைந்து சதவீதம்;
மிச்சம் இருபத்தைந்தை வைத்துத்தான்
என்னோடு சண்டை போடுகிறான்.

ராயபுரம், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
வடக்கே பொதுப் படிக்கட்டு,
கிழக்கே தில்ஷாத் வீடு,
மேற்கே ரயில்வே லைன்,
தெற்கே காற்று.
இந்த நான்கெல்லைக்கு உட்பட்டதும்,
வைப்புத்தொகையும், அம்மாவின் வளையல் இரண்டும்,
தையல் மிஷின் ஒன்றும்.
வாசித்துக் காட்டினேன். நகம் கடித்தபடி கேட்டான்.
முடிந்ததும்,
"என்னை யாருக்கு எழுதியிருக்க?"

ஆளை எழுதி வைக்கச் சட்டத்தில் இடமில்லையடா.
சொல்லவில்லை.
ஃபேனை ஒரு நம்பர் கூட்டினேன்.

அக்கா மகள் ப்ரிஸில்லா, கோவையிலிருந்து,
பிரிபடாத மனைப் பாகம் எவ்வளவு சித்தி என்றாள்.
கேட்க வேண்டிய கேள்விதான்,
கட்சிக்காரர்களிடம் நானே கேட்பதுதான்.
தாம்பரம் தாண்டி ஒரு இல்லம். சுத்தமாக இருந்தது.
எல்லோரும் ஒரே நிறத் தட்டில் சாப்பிட்டார்கள்.
தில்ஷாத்திடம் கேட்டபோது மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
"ராத்திரி எந்திரிப்பாரா?" என்றாள்.
அவ்வளவுதான் கேட்டாள்.

ஆகஸ்டில் ஒருமுறை செத்துப் பார்த்தேன்.
தில்ஷாத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு
வால்டாக்ஸ் ரோடு லாட்ஜில் இரண்டு ராத்திரி,
போனை அணைத்து, மூட்டைப்பூச்சிகளோடு.
போய்ச் சேர்ந்தவர்களுக்கும் இப்படித்தான் இருக்குமோ,
நாலு கிலோமீட்டர் தள்ளி,
ஒன்றும் செய்ய முடியாமல்.
மாத்திரை எட்டரைக்கு.
எட்டரை ஆனது.
எட்டு முப்பத்தொன்று ஆனது.
என் கை காற்றில் பொத்தான் போட்டது.

மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்து
ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன்.
வீடு பூட்டியிருந்தது.
பக்கத்து வீட்டில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தான்,
ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் வடிவத்தில்,
பொத்தான்கள் ஒரு துளை மாறி.
நிமிர்ந்து,
"அதுக்குள்ள வந்துட்டியா?" என்றான்.

இதற்காகத்தான் போனேன்.
இப்படித்தான் நடக்கவேண்டும் என்று ஜெபித்தேன்.
பிறகு ஏன் பொழுது சாயும்வரை அவனோடு பேசவில்லை,
ரசத்துக்கு ஏன் இரண்டு தரம் உப்புப் போட்டேன்,
எந்த ஷரத்தில் அடிப்பது அதை.

சார்பதிவாளர் அலுவலகத்தில்
கண்ணாடியில் என் ரேகை விழவில்லை.
ஊரார் சொத்தை அடித்து அடித்துத் தேய்ந்த விரல்.
துடைச்சிட்டு வைங்கம்மா. இன்னும் அழுத்துங்க.
வெளியே பெஞ்சில் அவர்கள் இரண்டு பேர்.
"இருபத்திரண்டு" என்றான் பிலவேந்திரன்.
"இருபத்தொண்ணு. எஞ்சினையும் சேர்த்து எண்ணிட்டீங்க"
என்றாள் தில்ஷாத்.

எனக்கு ரயில் எதுவும் கேட்கவில்லை.
அழுத்தினேன்.