கீழ்வரி

மல்லாவிச் சலூனில்
அரைக் கன்னம் வழித்தபடி கத்தி நிற்குது.
ரீவியில் விண்கப்பல்.
கட்டளைக்குப் பணியாத றோபோவுக்கு
இராணுவ நீதிமன்றம்.
அடியில் ஓடுது சிங்கள எழுத்து.

"என்னவாம் அண்ணை?"
குகநேசன் கேட்கிறான்.
நுரைக்குள்ளால் சொல்லுறன்:
குற்றப்பத்திரிகையைத்
தன்ர பாஷையில் வாசிக்கட்டாம்.
கப்பலையே நிப்பாட்டிப்போட்டு
ஆள் தேடுறாங்கள்.

"இரும்புக்கோ?"

இரும்புக்குத்தான்.
பக்கத்தில் ஒரு வக்கீல்,
ஒரு கிளாஸ் தண்ணி.
அது குடிக்காது;
எண்டாலும் வைச்சிருக்கு.

இந்த எழுத்தை நான் பழகினது தடுப்பில்.
அவங்கள் நீட்டின தாளில்
கையெழுத்து வைச்சு
ஏழு மாசத்துக்குப் பிறகு.

தீர்ப்புக்கு எல்லாரும் எழும்பேக்க
கரண்ட் போச்சு.
குகநேசன் ஒண்டும் கேக்கேல்லை.
வெளிச்சமிருந்த யன்னல் பக்கம்
என்ர மற்றக் கன்னத்தைத் திருப்பினான்.