கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் போய்க்கொண்டே இருக்கிறது.
ஷேர் ஆட்டோ. மடியில் லேப்டாப்.

மோட்டார் கையேட்டில்
"வால்வைத் திறந்துவிட்டு சுவிட்சைப் போடவும்."
தப்பு. சுவிட்ச்தான் முதலில்.
எந்தப் புண்ணியவான் எழுதியது?

கிட் ப்ளேம் போட்டுப் பார்த்தேன்.
வரிக்கு வரி பெயர்:
ஜெசிந்தா, ஜெசிந்தா, முபாரக்,
அந்த ஒற்றை வரிக்கு மட்டும்
நான்.
டிசம்பர், இரவு 2.40.
தெருவில் முழங்கால் தண்ணீர்,
கரண்ட் போவதற்குள் புஷ் செய்தது.

திருத்தினேன்.
என்ன மாற்றம் என்று கேட்டது கமிட்.
"எழுத்துப்பிழை" என அடித்து
அழித்து
"என் தப்பு" என்றேன்.

பழைய வரி எங்கும் போகவில்லை.
ஒரு படி கீழே உட்கார்ந்திருக்கிறது
என் பெயரோடு.

கேட் தூக்கினார்கள்.
"மூடி வைம்மா,
தண்டவாளத்துல குலுக்கும்" என்கிறார் டிரைவர்.