செவ்வாய்க்கிழமை, மஞ்சள் மூடி

என் வேலைக்கு ஒரே விதி:
சொன்னதைச் சொல். கூட்டாதே, குறைக்காதே.
பதினோரு வருஷமாய் டாண்டினோங்கில்
வாடகைத் தகராறு, விவாகரத்து, பல்வலி எல்லாவற்றையும்
இந்த வாயில் ஏற்றி அக்கரையில் இறக்கியிருக்கிறேன்.
பேச்சே இல்லாத ஒருவருக்கு
மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று
நேற்றுத்தான் முதல்முறை அழைத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவு, ஏழாம் கட்டில்.
அருமைநாயகம், ஐம்பத்தெட்டு, பஸ் சாரதி.
தொண்டையில் துளை, துளையில் குழாய்,
குழாயின் மறுமுனையில்
அவருக்காக மூச்சு விடும் பெட்டி.
கை வீங்கிப் பேனா நிற்கவில்லை.
நர்ஸ் மரிசெல் படப்பலகையை உயர்த்திப் பிடித்தாள்:
வலி, தாகம், தலையணை, கழிப்பறை, கடவுள்.
ஒன்றிலும் அவர் கண் வைக்கவில்லை.
மூன்று நாளாய் இப்படித்தான், என்றாள்.
எதையோ சொல்ல வருகிறார். பலகையில் அது இல்லை.

புத்தி தெளிந்திருக்கிறதா என்பதே சந்தேகம்,
என்றார் டாக்டர் ஹாரிங்டன்.
அதையும் தமிழில் சொன்னேன். விதி.
மனைவி புனிதமலர்
கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை
எந்தப் பலகையில் அடக்க?
வருகைப் படிவத்தின் பின்பக்கத்தில்
மூன்று வரி கிறுக்கினேன்.
இமை ஒருமுறை தட்டினால் ஆம்,
இறுக மூடினால் இல்லை.

வல்லினமா?
தட்டினார்.
க -
தட்டினார்.
அ, ஆ, இ, ஈ, உ -
தட்டினார்.

கு.

"இஞ்சேருங்கோ, குளிருதோ?"
மரிசெல் சூடான போர்வையோடு ஓடிவந்தாள்.
இறுக மூடினார்.
மறுபடி வல்லினம். க, ச, ட, த, ப. புள்ளி.

குப்.

"குப்புறப் போட வேண்டாம் எண்டு சொல்லுறார்!"
நுரையீரலுக்காகப் பதினாறு பதினாறு மணிநேரம்
கவிழ்த்துப் போட்டிருந்தார்களாம், போன வாரம்.
அவள் அழுதாள். டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார்.
கட்டிலில் புருவம் நெரிந்தது. அவருக்குக் கோபம்.
யாரும் ஊகிக்க வேண்டாம், என்றேன், இரண்டு மொழியிலும்.
எழுத்து முடியும்வரை சும்மா இருங்கள்.
வல்லினம். ப. அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ, ஐ -

குப்பை.

பெட்டி மட்டும் மூச்சு விட்டது.
அவர் சொல்லப்போகும் சொல்லென்று
ஆளுக்கொன்றை நாங்கள் ஆயத்தமாய் வைத்திருந்தோம் போல.
யாரிடமும் இது இல்லை.
ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் முகத்தில் இரக்கம்.
அவரோ நிறுத்தவில்லை. மெல்லினம், ம.
பிறகு ஞ், பிறகு ச,
இடையினத்தின் கடைக்கோடிவரை என்னை நடக்கவைத்து, ள்.

மஞ்சள்.

"ஐயோ, இண்டைக்குச் செவ்வாயெல்லோ!"
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் புனிதமலர்,
தோள் குலுங்க, நெடுநேரம்.
"போனமுறையும் மறந்திட்டன்."

இங்கேதான் விதியை மீறினேன்.
டாக்டர், புதன் காலையில் குப்பை லாரி வரும்.
ஒரு வாரம் பச்சை மூடி, மறுவாரம் மஞ்சள்.
செவ்வாய் இரவே தொட்டியை வாசலுக்கு உருட்ட வேண்டும்.
இவர் கிழமையும் தப்பவில்லை, மூடியும் தப்பவில்லை.

மரிசெல் தினமும் காலையில்
சுவர்ப்பலகையில் கிழமை எழுதுவாளாம்.
யாராவது வாசிப்பார்கள் என்று நினைத்ததில்லையாம்.
டாக்டர் முன்பு எழுதியதை ஒரு கோடு கிழித்து அடித்தார்.

என் நேரம் முடிய ஐந்து நிமிடம். மறுபடி இமை.
வல்லினமா? இல்லை.
மெல்லினமா? இல்லை.
இடையினமா? இறுக மூடினார்.
பிறகுதான் உறைத்தது,
அந்த மூன்று வரியில் நான் ஒன்றை மறந்திருந்தேன்.
உயிரா? என்றேன்.
தட்டினார்.
அ, ஆ -
தட்டினார். அத்தோடு இமை மெல்லத் தாழ்ந்தது.
தூக்கம், என்றாள் மரிசெல், திரையைப் பார்த்து.

'ஆ'வுக்குப் பின்னால் என்ன என்று நான் ஊகிக்கவில்லை.
நான்காம் வரியை எழுதிச் சேர்த்தேன்.
படிவம் எங்கே என்று அலுவலகம் கேட்கும். கேட்கட்டும்.
அது மரிசெலிடம் இருக்கிறது, இரவுக்கு வேண்டும்.
லிப்ட் வரும்வரை அவள் குரல் கேட்டது:
வல்லினமா, மெல்லினமா, இதையினமா -
'டை' இன்னும் சரியாக வரவில்லை.