பத்து நிமிடக் கடன்

டிசம்பரில் கால்வாய் உறைந்துவிடும்.
அதை நம்பி ஓடும் சின்ன மின்நிலையம்
கையைக் கட்டிக்கொள்ளும்.
பர்தங் பள்ளத்தாக்கில் அதன்பிறகு மின்சாரம் என்பது
யார் வீட்டு பேட்டரியில் எவ்வளவு என்ற விசாரிப்புதான்.

மருத்துவச்சி குல்பேகிமின் மடிக்கணினி
மூன்று கை மாறி வந்தது.
ஒரு விசை கழன்ற இடத்தில் பிளாஸ்திரி.
உள்ளே இன்னும் சுழல்கிற பழைய வட்டு.
எழுப்பும்போதெல்லாம் ஒரு முனகல்,
முனகலுக்கு ஒரு கிள்ளு பேட்டரியில்.

போன குளிர்காலத்தில் ஒரு வரியை மாற்றினாள்:
எழுதியதை உடனே வட்டில் இறக்காதே,
நினைவில் வைத்திரு,
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தமாக இறக்கு.
எச்சரிக்கை ஒன்று வந்தது.
முழுதாகப் படித்தாள்.
படித்துவிட்டுத்தான் 'சரி'யை அழுத்தினாள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்களவர்.
அங்கே ஆறே கல்லாய்க் கிடந்தது,
அளப்பது மட்டும் மிச்சம்.

சேமி.
என் மொழியில் மின்சாரத்துக்கும் அதே சொல்,
எழுத்துக்கும் அதே சொல்.
ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள்,
ஒருத்தி சட்டியை மற்றவள் வழிக்கிறாள்.

சவ்சனுக்கு வலி கண்ட இரவில்
கணினியின் விலாவில் செருகிய விரல் நீள விளக்குதான்
அந்த வீட்டின் மொத்த வெளிச்சம்.
டார்ச் கேட்கப் போன கதம்ஷோ
பனியில் எங்கேயோ.
நாத்தனார் மவ்ஸுனா தட்டச்சு செய்தாள்,
குல்பேகிம் கையை எடுக்காமல் சொல்லச் சொல்ல.

1:12 நாடி தொண்ணூற்றாறு.
1:31 தலை தெரிகிறது.
வட்டு அப்போது ஒருமுறை முனகிற்று,
யாரும் கவனிக்கவில்லை.
1:33 பெண். உடனே அழுதாள்.
1:34 ஊசி, பத்து யூனிட்.
1:38 ரத்தம் நிற்கவில்லை, அடிவயிற்றை அழுத்துகிறேன்
என்று சொன்னாள், இதைத் தட்டாதே, விளக்கைப் பிடி
என்றும் சொன்னாள். மவ்ஸுனா இரண்டையும் தட்டினாள்.
நின்றது.
1:40
இருட்டு.

இருட்டில் யாரோ சிரித்தார்கள், சவ்சனாகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டு நாள் கழித்து ருஷானிலிருந்து
ஜெனரேட்டர் வந்தது.
உப்பும் வெண்ணெயும் போட்ட பால் தேநீரோடு
கோப்பைத் திறந்தாள் குல்பேகிம்.
கடைசி வரி: தலை தெரிகிறது.
அதற்குக் கீழே வெள்ளை.

"இதில் நீ இன்னும் பிறக்கவே இல்லையடி,"
என்றாள் தொட்டிலைப் பார்த்து.
"இரண்டு நாளாகத் தலை மட்டும் தெரிகிறது."

மறுபடி நிரப்பினார்கள்.
ரத்தம் இரண்டு கோப்பை என்றாள் மவ்ஸுனா.
ஒன்றரை என்றாள் இவள்.
ஊசி முப்பத்து நான்கிலா, ஐந்திலா?
நான்கு என்று போட்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
பிரசவப் பதிவேட்டில் அவள் வைத்த முதல் கேள்விக்குறி.
அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தாளில் ஒரு கணக்கு.
அன்று இரவு முழுக்க வட்டு உறங்கியதில்
பதினொரு நிமிடம் தேறியிருக்கலாம்.
வரிக்கு வரி அது விழித்திருந்தால்
விளக்கு 1:29க்கே போயிருக்கும்,
தலை வருமுன்,
ரத்தம் வருமுன்.
தொலைந்த ஒன்பது நிமிட எழுத்துத்தான்
அந்தப் பதினொரு நிமிட வெளிச்சத்துக்கு விலையா?
கணக்கு சரியா என்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும்.

கையுறை அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து
பென்சிலோடு பைக்குள் வைத்தாள்.
பேனா அந்தக் குளிரில் எழுதாது.

பிறகு அந்தப் பழைய வரிக்குப் போனாள்.
பத்தை அழித்தாள்.
ஒன்று என்று போட்டாள், அதையும் அழித்தாள்.
தொட்டிலில் ஒரு தும்மல்.
ஐந்து.
மார்ச் வரை பார்க்கலாம்.

சேமித்தாள். வட்டு முனகிக்கொண்டு எழுந்தது.
ஓரத்தில் அறுபத்திரண்டு
அறுபத்தொன்று ஆயிற்று.